வழி சொல்லாத தேசப்படங்கள்

கணிதத் தேர்விலே விடையை மட்டும் எழுதி, அவ்விடைக்கு வந்த வழியைக் காட்டாதவருக்கு முழுப் புள்ளி கிடைப்பதில்லை. வரலாற்று ஆய்விலே சான்று காட்டாத கூற்று ஏற்கப்படுவதில்லை. இலக்கிய ஆய்விலே பாடபேதங்களைக் குறிக்காத பதிப்பு நல்ல பதிப்பெனக் கொள்ளப்படுவதில்லை. ஆயின், புவியியல் ஆய்வேடுகளில் இடம்பெறும் தேசப்படங்களுக்கு மாத்திரம் இந்நியதி தளர்த்தப்பட்டு வருகின்றது. வண்ணந்தீட்டிய படமொன்று தாளில் அழகாக அமைந்துவிட்டால், அது எத்தரவிலிருந்து, எந்த எறியத்தில், எவ்வகுப்பெல்லைகளைக் கொண்டு, எத்தனை படிகளைக் கடந்து உருவாயிற்று என வினவுவார் அரியர். தேசப்படக் கருவிகளைப் பயிற்றும் முறையே இந்நிலைக்கு முதற் காரணமாகும். சுட்டியை நகர்த்தி அழுத்தும் யன்னல் மென்பொருளை மட்டும் பயிற்றி, எழுத்தாற் கட்டளையிடும் கட்டளைவரியைப் புறக்கணிக்கும் கல்வி, புவியியலாளரை உருவாக்காது. படம் எடுத்துக் கொடுக்கும் பணியாளரையே உருவாக்கும்.

கட்டளைவரி யாது என்பதை முதலில் தெளிதல் நன்று. யன்னல் மென்பொருளில் மாணவர் பட்டியல்களைத் திறந்து, பெட்டிகளை நிரப்பி, அழுத்தான்களை அழுத்துகின்றனர். கட்டளைவரியிலோ, இன்ன கோப்பினை எடுத்து, இன்ன எறியத்துக்கு மாற்றி, இன்ன எல்லைக்குள் வெட்டி, இன்ன பெயரிற் சேமி என்று எழுதுகின்றனர். நடைபெறும் கணிப்பு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். எனினும் முன்னையது விரலசைவோடு மறைந்துவிடுகின்றது. பின்னையது எழுத்தாக எஞ்சுகின்றது. அவ்வெழுத்துக்களைக் கோவையாகச் சேமித்தால் அதுவே செய்முறை, அதுவே சான்று, அதுவே மீண்டும் இயக்கத்தக்க கருவி. கொழும்பு மாவட்டத்துக்கென எழுதிய கோவை, பெயரொன்றை மாற்றியதும் மட்டக்களப்புக்கும் பொருந்தும். 25 மாவட்டங்களுக்கும் பொருந்தும்.

இது பொறியியற்பீடத்தாரின் வேலை, கலைப்பீட மாணவருக்கு எதற்கு என்பாரும் உளர். இவர்கள் தமது துறையின் வரலாற்றையே மறந்தோராவர். 1960களிற் கனடாவின் நில வளங்களைக் கணிப்பதற்கென முதலாவது புவியியல் தகவல் முறைமையை வகுத்த றொஜர் ரொம்லின்சன் ஒரு புவியியலாளர். அதே தசாப்தத்தில், அச்சுப்பொறியின் எழுத்துக்களையே நிழலாக அடுக்கிப் படமாக்கும் சைமாப் மென்பொருளைத் தோற்றுவித்து, 1965இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் கணினி வரைகலை ஆய்வுகூடத்தை நிறுவிய ஹவார்ட் பிஷர் ஒரு கட்டடக் கலைஞர். 1988 அளவில் ஜீ.எம்.ரீ. எனும் படவாக்கக் கட்டளைத் தொகுதியை எழுதத் தொடங்கிய போல் வெசலும் வோல்ரர் சிமித்தும் அக்காலை லமொண்ட் ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவர்களே. அமெரிக்க இராணுவத்தின் ஆய்வுகூடமொன்றில் 1982இல் தொடங்கப்பட்ட கிராஸ் முறைமை, இராணுவம் அதனைக் கைவிட்ட பின்னர் பல்கலைக்கழகத்தாராற் பேணப்பட்டு, 1999 முதற் பொது உரிமத்தின் கீழ் வெளிவருகின்றது. 1998இல் பிராங் வார்மர்டாம் தொடங்கிய ஜீடால், இன்று யன்னல் மென்பொருள்கள் பலவற்றின் உள்ளேயும் இருந்து இயங்குகின்றது. எனவே, யன்னலைத் திறப்பவர் கட்டளைவரியைத் தவிர்த்துவிடவில்லை. அவருக்காகக் கட்டளையிடும் ஒருவரைக் காணாதிருக்கின்றார், அவ்வளவே.

வழியை அறியாமையால் விளையும் கேடு கற்பனையன்று. இந்நாட்டுத் தேசப்படங்களையே சான்றாகக் கொள்ளலாம். மீற்றர் அளவையில் அமைந்த பழைய வலை, எவரெஸ்ற் 1830 நீள்கோளத்தையும் கண்டவல ஆதாரத்தையும் அடிப்படையாகக் கொண்டது. பிதுருதலாகலையை மையமாகக் கொண்ட அவ்வலையில் மையத்தின் ஆள்கூறு கிழக்கு 200,000, வடக்கு 200,000 மீற்றர். 1999ஆம் ஆண்டின் புதிய வலையில் இவை 500,000, 500,000 என மாறின. இவ்விரு வலைகளையும் ஒன்றெனக் கொண்டால், கிழக்கிலும் வடக்கிலும் 300 கிலோமீற்றர் பிழை நேரும். அதனைப் பார்த்த மாத்திரத்தே எவருங் காண்பர். அஞ்சத்தக்கது சிறிய பிழையே. கண்டவல ஆதாரத்தின் அகலக்கோட்டு, நெடுங்கோட்டு அளவுகளை, செய்மதி வழி பெற்ற அளவுகளோடு மாற்றமின்றிக் கலந்தால், இடங்கள் ஏறத்தாழ 200 மீற்றர் மேற்கே பெயர்ந்துவிடும். நாடளாவிய படத்தில் அது கண்ணுக்குப் புலப்படாது. கிராமமொன்றின் படத்திலோ, கிணறு ஒழுங்கைக்கு அப்பாற் போய்விடும்; மேற்குக் கரையோரத்து வீடு கடலுக்குள் நின்றுவிடும்.

ஆள்கூற்று முறை குறிக்கப்படாத கோப்பொன்றை வேறொரு முறைக்கு மாற்றுமாறு ஜீடாலுக்குக் கட்டளையிட்டால், அது மறுத்து நின்று, மூல முறை எதுவெனக் கூறுமாறு கேட்கும். அக்கேள்விக்கு விடை தேடும் மாணவர் ஆதாரம் என்றால் என்ன, எறியம் என்றால் என்ன என்பவற்றைக் கற்றே தீரவேண்டும். யன்னலிலோ அதே கோப்பு ஏதோவொரு படமாகத் திரையில் விரிந்துவிடும். விரிந்த பின்னர் ஐயம் எழுவதில்லை. ஐயம் எழாதவிடத்துக் கல்வியும் நிகழ்வதில்லை.

பரம்பற் படங்களிலும் இதே நிலைதான். ஏறத்தாழ 14,000 கிராம அலுவலர் பிரிவுகளின் குடியடர்த்தியை ஐந்து வகுப்புகளாகப் பிரித்து நிழலூட்டுவதாகக் கொள்க. வகுப்பிடைகளைச் சமமாக வெட்டினால், கொழும்பின் நெருக்கமான பிரிவுகள் சில கடும் நிறத்தைப் பெற, நாட்டின் பெரும்பகுதி ஆளில்லா நிலம் போலத் தோன்றும். ஒவ்வொரு வகுப்பிலும் சம எண்ணிக்கையான பிரிவுகள் அமையுமாறு பங்கிட்டால், அதே தரவு முற்றிலும் வேறொரு நாட்டைக் காட்டும். இரண்டும் பொய்யல்ல. ஆனால், எதனைத் தெரிந்தெடுத்தோம் என்று சொல்லாமை பொய்க்கு மிக அணித்தானது. எல்லைகளும் நிலமும் நீரும் ஓயாத வாதப்பொருளாகவுள்ள ஒரு நாட்டில், படத்தைக் காட்டுபவரிடம் அதன் வழியைக் கேட்பது வெறும் ஆய்வொழுக்கமன்று. அது குடிமகனின் உரிமை. கட்டளைக் கோவை இணைக்கப்பட்ட படத்தை முதலாம் வருட மாணவரும் சோதிக்கலாம். பேராசிரியரின் படமாயினும் சோதிக்கலாம். கோவையற்ற படத்தை நம்பலாம், அல்லது நம்பாது விடலாம், சோதித்தல் இயலாது.

மறுதரப்பார் கூறுவனவற்றில் நியாயமுள்ளவை இல்லாமலில்லை. இடப்பெயர்களை ஒன்றன்மேலொன்று படியாது நிறுத்துதல், எழுத்தின் அளவைக் கண்பார்த்துத் திருத்துதல் முதலிய நுண்பணிகளுக்கு யன்னலே வசதியானது. செய்த படிகளைக் குறித்துவைக்கும் வசதி யன்னல் மென்பொருள் சிலவற்றிலும் உண்டு. ஆயின் அக்குறிப்பை எடுத்து வாசிக்கவும் திருத்தவும் வல்லவர் யார்? கட்டளையின் மொழியை அறிந்தவரே. ஒப்பனை யன்னலில் நடக்கட்டும். கணிப்பு எழுத்தில் நடக்கவேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்படுவது.

கட்டளைகள் ஆங்கிலத்தில் உள்ளன, தமிழ்மொழி மூலம் பயிலும் மாணவர் இடர்ப்படுவர் என்பது இன்னொரு வாதம். பரிவு தோய்ந்த இவ்வாதம் உண்மையில் மாணவரைத் தாழ்த்துவதாகும். யன்னலின் பட்டியல்கள் மட்டும் எம்மொழியில் உள்ளன? ஆங்கிலத்திலுள்ள பல நூறு பட்டியற் சொற்களிடையே தடுமாறுவதினும், இருபது முப்பது கட்டளைகளைப் பொருளறிந்து கற்பது எளிது. மேலும், எண்குறியை முன்னிட்டு எழுதும் வரியைக் கணினி கட்டளையாகக் கொள்ளாது விட்டுவிடும். அவ்வரியிலே ஒவ்வொரு படியின் காரணத்தையும் தமிழிலேயே எழுதலாம். சூத்திரத்தின் கீழ் உரை எழுதிப் பழகிய மொழிக்கு இது புதிதன்று. கட்டளை சூத்திரமாகவும் தமிழ்க்குறிப்பு உரையாகவும் அமையும் கோவைகள் பெருகுமாயின், தமிழிற் புவியியல் கற்பிப்பதற்கு அவற்றினும் சிறந்த பாடநூல் வேறில்லை.

பொருளாதாரக் காரணமும் புறக்கணிக்கத்தக்கதன்று. விலைகொடுத்துப் பெறவேண்டிய மென்பொருளிற் பயின்ற மாணவர், பட்டம் பெற்று வெளியேறிய மறுநாளே கருவியற்றவராகின்றனர். அல்லது உரிமமற்ற பிரதியைத் தேடி அலைகின்றனர். கிராஸ், ஜீடால், ஜீ.எம்.ரீ. ஆகியன விலையற்றவை, பழைய கணினியிலும் இயங்குபவை. கிளிநொச்சியிலோ அம்பாறையிலோ பாடசாலையொன்றிற் கற்பிக்கச் செல்லும் பட்டதாரி, தாம் கற்ற கருவியைத் தம்முடன் எடுத்துச் செல்லலாம்; தம் மாணவருக்கும் கொடுக்கலாம்.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவானவை. புவியியற் செய்முறை வகுப்புகளிற் கட்டளைவரி முதலாம் வருடத்திலேயே இடம்பெறல் வேண்டும். கணினி கொண்டு ஆக்கிய தேசப்படமுள்ள ஒவ்வோர் ஆய்வேட்டிலும் அப்படத்தின் கட்டளைக் கோவை பின்னிணைப்பாகச் சேர்க்கப்படல் வேண்டும். பரீட்சகர் படத்தின் அழகுக்கு முன்னர் அதன் வழிக்குப் புள்ளியிடல் வேண்டும். இவற்றுக்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. வெளிநாட்டு உதவியும் வேண்டியதில்லை. மாணவரை எழுதச் சொல்லும் துணிவொன்றே வேண்டும். அத்துணிவு பல்கலைக்கழகத்தில் பிறவாதாயின், இந்நாட்டின் நிலத்தை இந்நாட்டவர் பிறர் திறந்துவைக்கும் யன்னலூடாகவே தொடர்ந்தும் பார்த்துக்கொண்டிருக்க நேரிடும்.