வாயிலிலேயே வடிகட்டலாமா?

ஓர் இயக்கத்தின் பெருமையை அதன் மாநாட்டுப் பந்தலின் நீள அகலங்கொண்டு அளப்பார் பலர். அஃது ஏமாற்றும் அளவுகோல். முதன்முறை கூட்டத்திற்கு வந்த ஒருவன் மூன்றாம் முறையும் வருகின்றானா என்பதே மெய்யான அளவுகோல். பந்தலைப் பணம் எழுப்பிவிடும். மூன்றாம் வருகையை அன்பும் வேலையுமே ஈட்டித்தரும். இந்த அளவுகோலை ஏந்தித் திருவள்ளூர் மாவட்டத்தின் வடபாலுள்ள தமிழ் மன்றங்களையும் அரசியற் கிளைகளையும் அளந்து பார்ப்பின் நெஞ்சு கனக்கின்றது.

ஆரணியாற்றங்கரையில் அமைந்த பெரியபாளையம் வருவார்க்குப் பழகிய ஊர். ஆடித் திங்களில் பவானியம்மன் கோயிலுக்கு வேப்பிலையாடை உடுத்து நேர்த்திக்கடன் செலுத்த வருவோர்க்கு இவ்வூர் மக்கள் நீரும் நிழலும் தருவர். எந்த ஊர், என்ன குலம் என்று கேட்டு நிற்கமாட்டார். ஆனால் இங்கிருந்து கும்முடிப்பூண்டி வரையிலான பகுதிக்கு, விழாவுக்காக அன்றிப் பிழைப்புக்காக வந்து தங்கிவிட்டோர் இன்று பல்லாயிரவர். தொழிற்பேட்டை ஆலைகளுக்கு வேலைதேடித் தஞ்சைப் பகுதியினின்றும் தென்மாவட்டங்களினின்றும் வந்த இளைஞர் உளர். பீகார், ஒடிசா, வங்காளத்தினின்று வந்தோர் உளர். 1983-க்குப் பின் கடல்கடந்து வந்த ஈழத்து உடன்பிறப்புகள் கும்முடிப்பூண்டியிலும் புழலிலும் ஏதிலியர் குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாய் வாழ்கின்றனர். எல்லைப்புறமாகலின், தெலுங்கு பேசும் வீடுகளும் தமிழ் பேசும் வீடுகளும் ஒரே தெருவில் சுவரோடு சுவராய் நிற்கின்றன.

இவர்களை அரசியற் கட்சிகள் எவ்வாறு நோக்குகின்றன? வாக்காளர் பட்டியல் என்னும் கண்ணாடி வழியாகவே நோக்குகின்றன. ஒப்பந்தத் தொழிலாளியின் வாக்கு அவன் பிறந்த ஊரில் இருக்கின்றது. ஆகவே அவன் இங்குள்ள கட்சிக்காரர் கண்ணில் படுவதில்லை. ஈழத்தார் பெரும்பாலோர்க்குக் குடியுரிமையும் இல்லை, வாக்கும் இல்லை. ஆகவே மேடையில் அவர் பெயர் முழங்கும், குடியிருப்பில் அவர் குழாய்க்கு நீர் வாராது. வாக்குடையவன் வந்தாலோ, 'மாற்றுக் கட்சியினின்று இணைந்தார்' என்று பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, சுவரொட்டி அடிப்பர். மறுநாள் அவனுக்கு வேலையும் இல்லை, விளக்கமும் இல்லை. அடுத்த தேர்தலில் வேறொரு பொன்னாடைக்கு அவன் தோள் காத்திருக்கும்.

இவையெல்லாம் பதவி நாடும் கட்சிகளின் இயல்பு என்று தள்ளிவிடலாம். பதவி நாடாத நம் தமிழியக்கங்களின் நிலை என்ன? அதைப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பகுதிக் கிளையொன்றில் நடந்ததாகத் தோழர் ஒருவர் என்னிடம் கூறினார். இரும்பாலையில் இரவுப்பணி முடித்த இளைஞன் ஒருவன், துண்டறிக்கை ஒன்றைக் கண்டு, கண்விழித்த களைப்போடு கூட்டத்திற்கு வந்திருக்கின்றான். பேசுமாறு கேட்டபோது, "உங்களையெல்லாம் பார்த்ததில் ரொம்ப சந்தோசம்" என்று தொடங்கினான். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் உடனே கையை உயர்த்தி, "தம்பி, 'சந்தோசம்' வடசொல், மகிழ்ச்சி என்று சொல்" என்றார். அவையில் சிரிப்பு. அவன் திருத்திச் சொன்னான். பெயர் கேட்டனர், அதுவும் வடமொழிப் பெயர். வீட்டில் பேசும் மொழி கேட்டனர், தெலுங்கு என்றான். அவ்வளவில் அவை அமைதியாயிற்று. தேநீர் அருந்திவிட்டு எழுந்து போனவன் மீண்டும் வரவில்லை. சில திங்கள் கழித்துச் சாதிச் சங்கம் ஒன்றின் பதாகையில் அவன் படம் இருந்ததாம்.

பெரியவர் சொன்னது சொல்லாராய்ச்சியில் சரி. அதில் ஐயமில்லை. ஆனால் சரியான சொல்லைத் தவறான வேளையில் சொன்னமையால், தமிழுக்கு வரவேண்டிய ஓர் ஆள் சாதிக்குப் போய்ச் சேர்ந்தான். வள்ளுவப் பேராசான் விருந்தோம்பலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். வந்தவன் முகத்தைப் பார்க்கத் தெரியாதவன் அவ்வதிகாரத்தை மனப்பாடம் செய்து ஆவதென்ன?

பெயரையும் முன்னை வழக்கையுங்கொண்டு ஆளை ஒதுக்குவதாயின், நம் முதல்வரையே ஒதுக்க நேரும் என்பதை அன்பர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். 1876-இல் பிறந்த மறைமலையடிகளின் இயற்பெயர் வேதாசலம். 1902-இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் 'ஞானசாகரம்'. அவர் நிறுவிய அமைப்பின் பெயர் 'சமரச சன்மார்க்க நிலையம்'. நாற்பதாம் அகவையில், 1916-இல்தான் தனித்தமிழ் நோன்பை அவர் மேற்கொண்டார். அதன்பின்னரே வேதாசலம் மறைமலை ஆனார். ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. பெயர் மாறியது பயணத்தின் நடுவே. பயணத்தின் தொடக்கத்திலேயே அதை நுழைவுச்சீட்டாகக் கேட்டிருந்தால் பயணமே இராது.

வாயிலை அடைத்த இயக்கங்கள் என்னவாயின என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1916-இல் தோன்றிய நயன்மைக்கட்சி (நீதிக்கட்சி) பார்ப்பனரல்லாதார்க்கு உரிமை தேடித்தரப் புறப்பட்டது. 1920-இல் ஆட்சியையும் பிடித்தது. ஆனால் அதன் அவை பெருநிலக்கிழாரும் பட்டம் பெற்ற செல்வரும் நிறைந்த அவையாகவே நின்றது. 1921-இல் பக்கிங்காம் கருநாடக ஆலை வேலைநிறுத்தத்தின்போது, ஒடுக்கப்பட்ட தொழிலாளர்மீதே அக்கட்சித் தலைவர் சிலர் பழிசுமத்தினர். கட்சியின் தொடக்கம் முதல் உடனிருந்த எம்.சி. இராசா 1923-இல் விலகினார். உள்ளே இருந்தவனையே அயலானாக்கிய கட்சிக்குப் புதியவன் எங்கிருந்து வருவான்? 1937 தேர்தலில் அக்கட்சி வீழ்ந்தது. 1944-இல் சேலத்தில் அது திராவிடர் கழகமாக மாறியபோது முதலில் செய்தது என்ன? வெள்ளையன் தந்த பட்டங்களைத் துறக்கவேண்டும் என்று முடிவு செய்ததுதான். சர் என்றும் இராவ்பகதூர் என்றும் வாயிலில் கிடந்த பாறைகள் அகன்றபின் அல்லவா மாணவரும் உழைப்பாளரும் உள்ளே வந்தனர்!

நம்முடைய பட்டங்கள் வேறுவகை. 'புலவர்' என்பதும், 'இருபதாண்டு உறுப்பினர்' என்பதும், 'அந்நாளிலேயே சிறைசென்றவர்' என்பதும் மதிப்பிற்குரியனவே. ஆனால் அவற்றைப் புதியவன் தலைக்குமேல் அடுக்கினால் அவையும் பாறைகளே.

வாயிலைத் திறந்துவைத்து வென்ற சான்று நம் பக்கத்திலேயே இருக்கின்றது. அரக்கோணத்தை அடுத்த குருவராயப்பேட்டையை நடுவிடமாகக் கொண்டு, தமிழாசிரியர் மங்கலங்கிழார் வடவெல்லை ஊர்களில் ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்தார்; தமிழ் மன்றங்களை நிறுவினார். தமிழ் மங்கிக் கிடந்த வீடுகளை அவர் பகையாகக் கருதவில்லை. தம் மாணவர் இருக்கும் இடமாகக் கருதினார். போராட்டம் வந்தபோது அம்மாணவர்களே படையாயினர். அவர் அழைப்பை ஏற்று வந்த ம.பொ.சிவஞானம் யார்? மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர், பேராயக் கட்சிக்காரர். 'பட்டம் இல்லை, நம் இயக்கத்தார் இல்லை' என்று தமிழாசிரியர்கள் அவரை ஒதுக்கவில்லை. திருத்தணி விநாயகமும், இசுலாமியரான இரசீதும் அப்போராட்டத்தில் முன்நின்றனர். மங்கலங்கிழார் 1953-இல் மறைந்தார். 1960 ஏப்பிரல் முதல்நாள் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. அதே நாளில் நம் செங்கற்பட்டு மாவட்டத்துச் சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்திற்குப் போனது. ஊத்துக்கோட்டைக்கு அப்பால் போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கோட்டை அலுவலர் வரைகின்றனர். அக்கோட்டுக்கு இப்பால் எத்தனை நெஞ்சங்கள் தமிழை நாடும் என்பதை மங்கலங்கிழார் போன்றோரின் மாலைப்பள்ளிகளே முடிவு செய்கின்றன.

கடல்கடந்தும் ஒரு சான்று காட்டுவேன். இசுபெயின் நாட்டில் கத்தலான் மொழி பேசும் கத்தலோனியா, 1939 முதல் 1975 வரை பிராங்கோவின் கொடுங்கோலில் தன் மொழிக்குரிய இடத்தை இழந்து கிடந்தது. அதே காலத்தில் அந்தலூசியா முதலிய தென்பகுதிகளினின்று இசுபானியம் பேசும் ஏழைத் தொழிலாளர் இலக்கக்கணக்கில் பார்சிலோனாவின் ஆலைப்புறங்களில் குடியேறினர். நம் கும்முடிப்பூண்டி நிலைதான். இன்னும் பன்மடங்கு பெரிது. 'இவர்களால் நம் மொழி மூழ்கும்' என்று அஞ்சுவதற்கு எல்லாக் கரணியமும் இருந்தது. ஆயினும் அங்குள்ள மொழிப்பற்றாளருட் பலர், கத்தலோனியாவில் வாழ்ந்து உழைப்பவன் எவனும் கத்தலானே என்ற கொள்கையை முன்வைத்தனர். விளைவு என்ன? 1983-இல் சாந்தா கொலோமா என்னும் தொழிலாளர் ஊரில், வீட்டில் இசுபானியம் பேசிய பெற்றோரே, தம் பிள்ளைகளுக்குக் கத்தலான் வழிப் பள்ளி வேண்டுமென்று கேட்டுப் பெற்றனர். வந்தேறி என்று விரட்டப்பட்டிருந்தால் அவர்கள் அதைக் கேட்டிருப்பரா?

"வாயிலை அகலத் திறந்தால் தூய்மை கெடாதா?" என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நேர்மையானது, விடையும் நேராகவே இருக்கட்டும். தூய்மை என்பது கற்றவன் தனக்குத்தானே இட்டுக்கொள்ளும் நோன்பு. வாயிலில் நிற்பவனிடம் தண்டும் வரி அன்று. நம் இதழில் ஒரு வடசொல் நுழைந்தால் பொறுக்கவேண்டா. நம் மேடைப்பேச்சில் ஓர் ஆங்கிலச்சொல் நுழைந்தால் கடிந்துகொள்வோம். ஆனால் நேற்று வந்தவனிடம் இருபதாண்டுத் தேர்ச்சியை எதிர்பார்ப்பது, நாற்று நட்ட மறுநாளே கதிர் கேட்பது போன்றது. பள்ளியில் முப்பதாண்டு பிள்ளைகளோடு பழகியவன் நான். பலர்முன் சிரித்துத் திருத்திய பிழை மாணவன் நெஞ்சில் பிழையாக நில்லாது; புண்ணாக நிற்கும். அவன் அடுத்தமுறை சரியாகப் பேசுவதில்லை, பேசுவதையே விட்டுவிடுகின்றான்.

வடமாநிலத் தொழிலாளரைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். தமிழ்நாட்டு ஆலைகளில் தமிழர்க்கு முதலுரிமை கேட்பது நம் உரிமை. அதை விட்டுக்கொடுத்தல் ஆகாது. ஆனால் அதனை ஆலை உடைமையரிடமும் ஒப்பந்தக்காரரிடமும் அரசிடமும் கேட்கவேண்டும். குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பவன் குளிரறையில் இருக்கின்றான். பத்துக்குப் பத்து அறையில் எண்மராய் நெருங்கிக் கிடக்கும் பீகாரியை முறைத்துப் பார்ப்பது வீரமன்று. அவன் பிள்ளை நம் ஊர்ப்பள்ளியில் 'அ' எழுதக் கற்கும்போது கைபிடித்து எழுதவைப்பதே தமிழுக்கு வலிமை.

செய்யத்தக்கன சில கூறி அமைகின்றேன். முதலாவது, ஒவ்வொரு கூட்டத்திலும் புதியவரை வரவேற்று அருகமர்த்துவதற்கென்றே ஒருவர் இருத்தல் வேண்டும். பெயர், ஊர், வேலை கேட்கலாம். சாதியும் வீட்டுமொழியும் கேட்கலாகாது.

இரண்டாவது, முதல்நாளிலேயே ஒரு சிறுவேலை தரவேண்டும். பாய் விரித்தலாயினும் சரி, பத்து இதழ்களைத் தன் ஆலைத்தோழரிடம் சேர்த்தலாயினும் சரி. பொன்னாடை பெற்றவன் விருந்தினன். வேலை பெற்றவன் வீட்டுக்காரன்.

மூன்றாவது, புதியவரின் பேச்சை அவையில் இடைமறித்துத் திருத்துதல் கூடாது. நாம் நல்ல தமிழ் பேசினால் அது தானே அவர் காதில் விழும். ஐயம் கேட்டால் தனியே விளக்கலாம். 'மகிழ்ச்சி' என்னும் சொல்லைக் கற்பிக்கச் சிறந்த வழி, வந்தவனைப் பார்த்து மகிழ்வதுதான்.

நான்காவது, ஞாயிறு காலை பத்துமணி என்பது பள்ளியாசிரியர்க்கு ஏற்ற நேரம். இரவுப்பணி முடித்தவனுக்கு அஃது உறக்க நேரம். முறைப்பணியாளர்க்கென மாலைக்கூட்டம் ஒன்றும் வேண்டும். பெண்கள் வந்து இருள்முன் திரும்பத்தக்க நேரமும் இடமும் வேண்டும். நம் கூட்டங்களில் பெண்டிர் அருகியிருப்பதற்குக் கொள்கையைவிடக் கடைசிப் பேருந்தே பெருங்கரணியம்.

ஐந்தாவது, ஏதிலியர் குடியிருப்புக்கும் ஆலைத் தொழிலாளர் விடுதிப்பகுதிக்கும் நாமே போகவேண்டும். ஈழத்துப் பிள்ளைகளை மேடையில் நிறுத்திக் கைதட்டுவதோடு நில்லாமல், அவர்களுடைய கல்வி, குடியுரிமை பற்றிய விண்ணப்பங்களை எழுதித்தருவோம். மற்றையோர்க்குக் கிழமைக்கு இருநாள் தமிழ் கற்பிப்போம். கரும்பலகை ஒன்றும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், விளக்கெரியும் ஒரு திண்ணையும் போதும்.

அன்பர்களே! தமிழைக் காக்கப் புறப்பட்ட நாம் தமிழுக்குக் காவலராய் இருக்கலாம். தமிழின் வாயிற்படியில் சுங்கம் தண்டுவோராய் ஆகிவிடலாகாது. அடுத்த திங்கள் உங்கள் கிளைக்கூட்டம் முடிந்ததும், தலைவர் பேச்சு எவ்வளவு நேரம் நீண்டது என்று கணக்கிடாதீர்கள். புதிதாய் வந்தவர் எத்துணைப்பேர், சென்ற முறை புதிதாய் வந்தவருள் இம்முறையும் வந்தவர் எத்துணைப்பேர் என்று எண்ணி எழுதிவையுங்கள். வாராதவர் வீட்டுக்கு இருவர் மிதிவண்டியில் போய், "ஏன் வரவில்லை?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடை கசக்கலாம், கேட்டுக்கொண்டு வாருங்கள்.