கருந்துளையின் நடுவே என்ன இருக்கிறது?



கருந்துளை என ஒன்று விண்ணில் உண்டென்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அதன் நடுவே என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டால், "எல்லையற்ற அடர்த்தி" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவ்விடையைச் சற்றே ஆராய்வோம்.

எரிபொருள் தீர்ந்த பெரிய விண்மீன் தன் எடையாலேயே உள்நோக்கிச் சரிகிறது. ஈர்ப்பு பொருள்களை எவ்வாறு குவிக்கிறது என்பதற்கு 1955-இல் கல்கத்தாவின் அமல்குமார் ராய்சௌத்ரி ஒரு சமன்பாடு தந்தார். பின்னர் ரோஜர் பென்ரோஸ், ஐன்ஸ்டைனின் கொள்கைப்படி அச்சரிவு நிற்காது, ஓரிடத்தில் கணக்கே முறிந்துவிடும் என 1965-இல் நிறுவினார். அதற்காக 2020-இல் நோபல் பரிசும் பெற்றார். அம்முறிவையே ஒருமைப்புள்ளி என்கிறார்கள். ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் வகுக்க முயல்வதைப் போன்றது அது. எல்லையற்ற ஏதோவொன்று அங்கே அமர்ந்திருக்கிறது என்று அதற்குப் பொருளல்ல. சூத்திரம் தன் எல்லைக்கு அப்பால் பேசுகிறது, அவ்வளவே.

இதற்கு முன்னுதாரணம் உண்டு. பழைய இயற்பியலின்படி, அணுக்கருவைச் சுற்றும் எலக்ட்ரான் கண்ணிமைக்கும் முன்பே கருவில் விழுந்திருக்க வேண்டும். நீங்களும் நானும் இருந்திருக்க மாட்டோம். அது ஏன் விழவில்லை என்பது குவாண்டம் கொள்கை வந்த பின்னரே விளங்கிற்று.

அக்கொள்கையை ஈர்ப்புக்கும் பொருத்த முயல்வோரில் முதன்மையானவர் மகாராஷ்டிரத்தில் பிறந்த அபய் அஷ்டேகர். 1986-இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை அவர் புதுவடிவில் எழுதியதிலிருந்து வளர்ந்ததே 'வளையக் குவாண்டம் ஈர்ப்பு'. நாம் உடுத்தும் கைலி தொலைவில் ஒரே பரப்பாகத் தெரிந்தாலும், அருகில் நூலிழைகள்தாமே? வெளியும் அவ்வாறே, மேலும் பிரிக்கவியலாத இழைகளால் ஆனது என்கிறது அது. ஒரு சென்டிமீட்டரை, 1-க்குப் பின் 33 பூஜ்யங்கள் கொண்ட எண்ணால் வகுத்தால் வரும் அளவு அது. (கலைப் பட்டதாரியான எனக்கு இதைக் கற்பனை செய்யவும் இயலவில்லை!) அதற்கும் கீழே நசுக்க இடமில்லாததால் அடர்த்திக்கு ஓர் உச்சம் உண்டு. அவ்வுச்சத்தில் ஈர்ப்பே விலக்கமாக மாறி, சரிந்தது மீண்டெழுகிறது.

நம் பிரம்மதேசத்திலிருந்து ஒரே பகலில் பேருந்தில் சென்று திரும்பக்கூடிய சென்னைத் தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தின் கனஷியாம் தாத்தேயும் கோலாம் முர்தஸா ஹுஸைனும், அண்டத்தின் தொடக்கத்திலுள்ள ஒருமைப்புள்ளிக்கு இவ்வழியில் கணக்கிட்டனர். எளிய மாதிரிகளில் அம்மீளெழுச்சி பொதுவாகவே நிகழ்வதை 2005-இல் காட்டினர். கருந்துளைக்கான கணக்கொன்றை அஷ்டேகர், ஓல்மெடோ, பரம்ப்ரீத் சிங் மூவரும் 2018-இல் வெளியிட்டனர். அதில் ஒருமைப்புள்ளி இல்லை. அவ்விடத்தில் ஒரு வாசல், அதற்கு மறுபுறம் எதையும் உள்ளே விடாது வெளியே தள்ளும் 'வெண்துளை'.

இவை யாவும் தாளில் உள்ள கணக்குகளே. வேறு கொள்கையினர் வேறு விடை கூறுவர். நம் பால்வெளியின் நடுவிலுள்ள கருந்துளையின் படம் 2022-இல் வெளிவந்தபோதும், அதில் தெரிந்தவை சுற்றிலும் ஒளியும் நடுவே நிழலுந்தான். பழைய கருந்துளை ஒன்று வெண்துளையாகி வெடித்தால் அவ்வொளியேனும் நம்மை எட்டும் என எதிர்பார்ப்போர் உண்டு. இதுவரை அப்படி ஒன்றும் கிட்டவில்லை.