ஆயாவின் முந்தானை

கைக்குழந்தைகள் ஒரே ஆயாவின் முந்தானையைப் பற்றிக்கொண்டு திரியக்கூடாது என்பதற்காகவே ஆயாக்களை அறைக்கு அறை மாற்றிக்கொண்டிருக்கும் காப்பகங்கள் உண்டு. பற்று இல்லாவிட்டால் அழுகையும் இல்லை, பொறாமையும் இல்லை, அவள் வேலையை விட்டுப் போனாலும் ஏக்கம் இல்லை என்பது அவற்றை நடத்துவோரின் வாதம். நிர்வாகத்துக்கு மிகவும் சௌகரியமான இந்த வாதம், சிசுவின் சுபாவத்துக்கு முற்றிலும் விரோதமானது என்பதே என் அபிப்பிராயம்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, குண்டுவீச்சினால் வீட்டையும் பெற்றோரையும் பிரிய நேர்ந்த குழந்தைகளுக்காக லண்டன் மாநகரின் ஹாம்ஸ்டெட் பகுதியில் அன்னா பிராய்டும் அவருடைய தோழி டாரதி பர்லிங்காமும் நடத்திய விடுதிகளில், தொடக்கத்தில் எல்லாப் பணிப்பெண்களும் எல்லாக் குழந்தைகளையும் பொதுவாகவே பேணிவந்தார்கள். போஷாக்குக்குக் குறைவில்லை, ஆயினும் பேச்சும், மலஜலம் கழிக்கும் பழக்கமும் வீட்டுக் குழந்தைகளுக்கு வருவதுபோல் உரிய காலத்தில் வரக் காணாத அவ்விருவரும், நான்கைந்து குழந்தைகளுக்கு ஒரு பெண்ணைத் தாயின் ஸ்தானத்தில் நியமித்து, விடுதியைச் சிறு சிறு குடும்பங்களாக வகுத்தார்கள். உடனே கிளம்பியது பெரும் அமளி. தனக்கென்று வாய்த்தவள் வாசற்படியைத் தாண்டினால் அலறலும், மற்றொரு பிள்ளையை மடியில் வைத்தால் அடிதடியுமாகச் சில காலம் கழிந்த பின்பு, அவள் திரும்பி வருவாள் என்ற விசுவாசம் உறுதிப்பட உறுதிப்பட அந்தக் கொந்தளிப்பு தணிந்தது. பின்தங்கியிருந்த பேச்சும் பழக்கங்களும் முன்னேறத் தொடங்கின. இழப்பதற்கு ஒருத்தி கிடைத்ததால்தான் அக்குழந்தைகள் அழுதார்கள். யாரிடத்தும் அழாத குழந்தையைச் சமர்த்து என்று மெச்சுவதற்கு முன் நாம் சற்று நிதானிக்கவேண்டும்.

அந்த விசுவாசம் நாள்தோறும் எந்த வேளையில் விளைகிறது என்பதைத் தெளிவாகக் கண்டவர், 1946-ஆம் ஆண்டு புடாபெஸ்ட் நகரத்தின் லோட்சி வீதியில் சிசு இல்லம் ஒன்றைத் தொடங்கிய வைத்தியர் எம்மி பிக்லர். குளிப்பாட்டுவதும், ஈரத் துணி மாற்றுவதும், பாலூட்டுவதும் விரைந்து முடித்துவிட்டு வேறு காரியம் பார்க்கவேண்டிய வேலைகள் அல்ல, அவையே சிசுவும் வளர்ப்பவளும் நடத்தும் சம்பாஷணை என்பது அவர் வகுத்த நெறி. குழந்தையைத் தூக்குமுன் தூக்கப்போவதைச் சொல்லி, சட்டை மாட்டுமுன் அது தானே கையை நீட்டும்வரை காத்திருந்து, ஒவ்வொரு நாளும் அதே கை, அதே வரிசையில், அவசரமின்றிச் செய்யும் பணிவிடையில்தான், தான் ஒருவருக்கு உரியவன் என்ற உணர்வு பச்சைக் குழந்தைக்கும் உண்டாகிறது.

இத்தகைய பொறுமை, பத்துப் பன்னிரண்டு சிசுக்களைத் தனியாகச் சுமக்கும் ஒருத்திக்கு எவ்வாறு சாத்தியமாகும்? ஆகவே காப்பகம் தேடும் பெற்றோர், அங்குள்ள விளையாட்டுச் சாமான்களைப் பார்வையிடுமுன், தங்கள் குழந்தையை அன்றாடம் தூக்கப்போகிறவள் யார், அவள் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள், எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறாள் என்று விசாரிக்கட்டும். நடத்துவோரும், சுவருக்கு வர்ணம் பூசச் செலவிடுவதில் ஒரு பகுதியையேனும் அவளுடைய சம்பளத்தில் சேர்த்து, அவள் நிலைத்திருக்க வழிசெய்யட்டும்.