கட்டுமரமும் கட்டாத கையும்

உலக மொழிகளுக்குத் தமிழ் வழங்கிய கொடைகளைக் கணக்கெடுக்கும் மேடைகளிலே ஒரு சொல் தவறாமல் எழுந்து நிற்கும். அதுவே ‘கட்டமரான்’. ஆங்கில அகராதியில் அச்சொல் இருக்கின்றது, அது நம்முடைய ‘கட்டுமரம்’ என்பதன் திரிபு, ஆகவே உலகமே நமக்குக் கடன்பட்டிருக்கின்றது என்று பொங்கல் விழாவில் ஒருவர் முழங்குவார், கூட்டம் கைதட்டும். அவ்வாறு தட்டிய கைகளில் ஒன்றேனும் தன் வாழ்நாளில் ஒரு மரத்தையோ ஒரு தகட்டையோ இன்னொன்றோடு சேர்த்துக் கட்டியதுண்டா என்று எவரும் கேட்பதில்லை. அக்கேள்வியை இன்று நாம் கேட்கத் துணிகின்றோம்.

கேட்பதற்குக் காரணம் உண்டு. இக்காலத்தில் அலுமினியக் கட்டமரான் ஒன்றை வீட்டுக் கொல்லையிலேயே கட்டிக்கொள்ள முடியும். படகின் வரைபடத்தை வகுப்பவர் ஒருவர். அவ்வரைபடத்தின்படி கணிப்பொறி ஆளும் யந்திரம் அலுமினியத் தகடுகளை நறுக்குகின்றது. நறுக்கிய துண்டுகளுக்கு எண் பொறித்து, அடுக்கிக் கட்டி, வாங்குவோர் வாசலுக்கு அனுப்பி விடுகின்றார்கள். குறுக்குச் சட்டங்களை நிறுத்தி, தகடுகளை அவற்றின்மேல் வளைத்து, இடையிடையே சிறு பற்று வைத்து, உருவம் நேராக நிற்கின்றதா என்று நூல் பிடித்துப் பார்த்து, பிறகு மூட்டுகளை முழுவதும் பற்றவைத்தால் ஓர் உடல் ஆயிற்று. அதுபோல் இன்னொன்று. இரண்டையும் குறுக்கு விட்டங்களால் இணைத்தால் கட்டமரான். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பகலில் வேறு தொழில் பார்ப்போர், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இவ்வேலையில் இறங்கி, சில ஆண்டுகளில் தம் படகைத் தாமே நீரில் இறக்குகின்றனர். சொல்லைக் கொடுத்த இனம் எங்கே நிற்கின்றது? மேடையில் நிற்கின்றது!

முதலில் அந்தப் பெருமையையே சற்று உரைத்துப் பார்ப்போம். ‘கட்டமரானைக் கண்டுபிடித்தவர் தமிழர்’ என்று சொல்வோர் பாதி உண்மையே பேசுகின்றனர். நம் கரையின் கட்டுமரம் இரண்டு உடல் கொண்ட படகன்று. அது இலேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் இறுகக் கட்டிய மிதவை. வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி, 1697இல் வெளிவந்த தம் பிரயாண நூலிலே, சோழ மண்டலக் கரையில் தாம் கண்ட இம்மிதவையை இப்பெயரால் குறித்தார். இரட்டை உடல் கொண்ட மரக்கலங்களையோ பசிபிக் மாகடலின் பாலினேசியத் தீவினர் நெடுங்காலமாகக் கட்டி, தீவுக்குத் தீவு கடலளந்தனர். பிற்காலத்தில் ஆங்கிலேயர், நம் பெயரை எடுத்து அவர்கள் வடிவத்துக்குச் சூட்டினார்கள். 1876இல் அமெரிக்காவின் நதானியேல் ஹெரஷாப் இரட்டை உடல் படகொன்றைக் கட்டி, நியூயார்க்குப் பந்தயத்தில் ஒற்றை உடல் படகுகளைப் பின்னுக்குத் தள்ளினார். ஆக, பெயர் நம்முடையது; வடிவம் அயலாருடையது. மெய்யை மறைத்துக் கொள்ளும் பெருமை, பொய்க்கணக்கு எழுதிய புத்தகம் போன்றது. தணிக்கை வரும் நாளில் தலைகுனிய வைக்கும்.

நமக்கு உண்மையாகவே உரிய பெருமை வேறொன்று உண்டு. அதைத்தான் நாம் பேசுவதில்லை. கட்டுமரத்தை எண்ணிப் பாருங்கள். அதற்கு உட்குழிவு இல்லை; ஆகவே நீர் நிறைந்து மூழ்குவதில்லை. மேலேறிய அலை மரங்களின் இடுக்கு வழியாகவே இறங்கி விடும். துறைமுகமில்லாத மணற்கரையிலே, மடிந்து விழும் அலைவரிசையைப் பிளந்துகொண்டு போகவும் திரும்பவும் அது வல்லது. கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைப் பிரித்து, வெயிலில் உலர்த்துவர். உலர்ந்த மரம் மீண்டும் இலேசாகும். பள்ளிக்கூடம் காணாத ஒருவன், தன் கடலையும் தன் கரையையும் தன் மரத்தையும் அளந்து செய்த விஞ்ஞானம் இது. அவன் யார்? பட்டினவர், பரதவர், முக்குவர் என்று நாம் பெயரிட்டு, ஊரின் விளிம்பிலே மணல்மேட்டில் ஒதுக்கி வைத்த மீனவன். மீன் நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு அவனைத் தாண்டிச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று அவன் வாய்ச்சொல்லைத் தம் பாட்டன் சொத்தாக மேடையில் விரிக்கின்றனர். சொல்லுக்கு மாலை, செய்தவனுக்குத் திண்ணையிலும் இடமில்லை! இது பெருமையா? திருட்டா?

இன்னும் பாருங்கள். ஏற்ற மரம் அரிதாகி விலையும் ஏறிய காலத்தில், கட்டுமரக்காரன் கதி என்ன என்ற கேள்வி எழுந்தது. 1980-களில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில், பியேர் கிலே என்னும் பெல்ஜிய நாட்டுப் பொறியாளர் மீனவரோடு கூடி, ஒட்டுப்பலகையால் படகு செய்யும் முறையை வளர்த்தார். பலகைகளின் ஓரங்களைக் கம்பியால் தைத்து, மூட்டின்மேல் கண்ணாடி நாரும் பிசினும் பூசி இறுக்கும் முறை அது. கரையோர இளைஞர்களே பட்டறையில் நின்று கற்றார்கள்; அலையைப் பிளக்கும் படகுகள் அங்கிருந்து வெளிவந்தன. மரத்தைக் கயிற்றால் கட்டிய கையே பலகையைக் கம்பியால் தைக்கவும் அறிந்தது. கருவி மாறலாம், பொருள் மாறலாம். பழகிய கை எதையும் கற்கும் என்பதற்கு முட்டம் சாட்சி. ஆனால் 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் கிண்டியில் பெரும் பொறியியற் கல்லூரியாக வளர்ந்த கூடத்தை உடைய நாட்டிலே, அந்த மணலில் முன்னின்றவர் ஏன் ஒரு பெல்ஜியராக இருந்தார்? படித்தவனுக்கும் பட்டறைக்கும் நடுவே நாம் எழுப்பிய சுவரே காரணம் என்போம்.

அச்சுவர் கப்பலேறி இந்நாட்டுக்கும் வந்தது. 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய ‘ரஜூலா’ போன்ற கப்பல்களின் மேல்தட்டிலே நம் மூத்தோர் வந்தனர். கடலைக் கடந்தோம், கடலைக் கற்றோமில்லை. கரையேறியதும் தோட்டத்திலே இரண்டு சாதி புதிதாகப் பிறந்தது: பெரட்டுக்களத்தில் வரிசையில் நிற்பவன் ஒரு சாதி, செக்ரோலில் அவன் பெயருக்கு நேரே கோடு கிழிப்பவன் மற்றொரு சாதி. கிராணி வேலை பார்க்கும் நாம் இதை நன்கறிவோம். ஆங்கிலப் பள்ளியிலே படித்த பிள்ளையின் உள்ளங்கை மிருதுவாக இருப்பதே குடும்பத்தின் கௌரவம் என்று பெற்றோர் எண்ணுகின்றனர். ‘நான்தான் வெயிலில் வெந்தேன், நீயாவது நிழலில் உட்கார்’ என்ற அவர்கள் துயரத்தை நாம் மதிக்கின்றோம். கூலிக்கு முதுகு வளைத்தவர் அப்படித்தான் நினைப்பர். ஆனால் அத்துயரத்திலிருந்து நாம் எடுத்த பாடம் தவறானது. அவர்களை வதைத்தது உழைப்பு அன்று. பிறன் ஏவ, பிறன் இலாபத்துக்கு, காரணம் அறியாமல் செய்யவேண்டியிருந்த நிலை. தானே கணக்கிட்டு, தானே தகட்டை வளைத்து, தன் படகைத் தானே கட்டுபவன் எந்தத் துரைக்கும் கூலியல்லன்.

நிற்க. ‘கியா பார்ம் மலையிலே படகா?’ என்று நகைப்போர் இருப்பர். கடல் மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டரைத் தாண்டிய இடம். முட்டைக்கோசும் தக்காளியும் தேயிலையும் பனிமூட்டமும் இருக்கும் இடத்தில் கடல் எங்கே என்பர். படகு கட்டுவதற்குக் கடல் வேண்டியதில்லை. கூரையும் மின்சாரமும் மனமும் வேண்டும். உடல்கள் இரண்டையும் தனித்தனியே கட்டி, விட்டங்களைத் திருகாணியால் பூட்டும்படி வகுத்த படகு, லாரி ஏறி சிம்பாங் பூலாய் வழியாக இறங்கி, ஈப்போவைக் கடந்து லூமுட் கரை சேரும். சாலையில் செல்லத்தக்க அகலம் ஏறக்குறைய 2.5 மீட்டர் என்பதைத் தொடக்கத்திலேயே கணக்கில் வைத்தால் போதும். நம் காய்கறித் தோட்டங்களின் நெகிழிக் கூரைகளைத் தாங்கும் இரும்புக் குழாய்களைப் பற்றவைப்போர் இங்கேயே இருக்கின்றனர். அவர்களை ஆசானாகக் கொள்ள நம் படிப்பு இடம் கொடுக்குமா என்பதே கேள்வி.

இது எளிய வேலை என்று நாம் ஏய்க்க மாட்டோம். அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடையே உள்ளது. நல்ல கலவையைத் தேர்ந்தால் உப்புநீரைத் தாங்கும். மக்னீசியம் கலந்த 5083 என்னும் எண்ணுடைய கலவையைக் கப்பல் கட்டுவோர் இதற்காகவே நாடுகின்றனர். ஆயினும் அது பிடிவாதமான உலோகம். உலோகம் 660 பாகை வெப்பத்தில் உருகும்; அதன்மேல் படிந்த மெல்லிய ஆக்சைடுத் தோலோ 2,000 பாகையைத் தாண்டினாலன்றி உருகாது. ஆகவே தோலைத் தேய்த்து நீக்கிய பிறகே பற்றவைக்க வேண்டும். உருகும் இடத்தைக் காற்று தீண்டாமல் ஆர்கன் வாயு காக்கின்றது; வாசலில் அடிக்கும் சிறு காற்றும் அக்காவலைக் கலைத்து விடும். ஈரம் பட்டால் மூட்டுக்குள் நுண்துளைகள் விழும். நம் மலையின் பனிமூட்டம் இங்கே பகைவன். சூட்டில் இரும்பைப்போல் இருமடங்கு விரியும் உலோகமாதலால், ஓரிடத்திலேயே தொடர்ந்து பற்றவைத்தால் தகடு நெளியும்; இங்கொன்று அங்கொன்றாக மாற்றி மாற்றி வைக்க வேண்டும். செம்பு கலந்த வண்ணம் பூசினால் உப்புநீரில் அலுமினியமே அரிக்கப்படும். கண்ணையும் நுரையீரலையும் காக்கும் கவசம் இன்றி அருகே நிற்கவும் கூடாது. கடலில் விடுமுன் அரசாங்க விதிகளுக்கும் உட்பட வேண்டும்.

இவ்வளவும் கற்க வேண்டுமா என்று அஞ்சுவோருக்குச் சொல்கின்றோம்: கற்க வேண்டியிருப்பதே இதன் பயன். பள்ளியிலே ஆர்க்கிமிடீசின் விதியை மனப்பாடம் செய்தோம். பரீட்சை முடிந்ததும் மறந்தோம். இரண்டு டன் படகு மிதக்க வேண்டுமானால், அதன் இரு உடல்களும் சேர்ந்து இரண்டு டன் நீரை விலக்கியே ஆகவேண்டும். கொல்லையில் நின்று அக்கணக்கைப் போடுபவன் அவ்விதியை மறப்பானா? எண் பொறித்த துண்டுகளை, ஏன் என்று அறியாமல் பொருத்துவதும் ஒருவகை மனப்பாடமே என்பதையும் எச்சரிக்கின்றோம். பெட்டியை விலைக்கு வாங்கலாம். அறிவு பெட்டியில் வராது.

தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. வெல்டிங் என்பதற்குத் தூய தமிழ்ச் சொல் எது என்று மூன்று கூட்டம் நடத்துவதை ஒத்திவைத்து, ஒரு வெல்டிங் யந்திரத்தை வாங்குங்கள். தொழில் நம் கைக்கு வந்தால் சொல் தானே பிறக்கும். கட்டுமரம் என்ற சொல் அப்படித்தான் பிறந்தது. எந்தப் புலவரும் குழு கூட்டி அதை ஆக்கியளிக்கவில்லை.

‘பணம்?’ என்பர். தனி ஒருவனால் ஆகாதுதான். ஆனால் திருவிழாவின் வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் சேரும் பணம், படகுக்குச் சேராதா? இளைஞர் மன்றம் ஒன்று, முதலில் கழிவுத் தகடுகளில் பற்றவைக்கப் பழகட்டும். பிறகு இரண்டு மூன்று மீட்டர் நீளத்தில் ஒரு சிறு தோணி. அதன் பிறகே கட்டமரான். ஓர் உடலை ஒரு தோட்டத்தார், மற்றோர் உடலை அடுத்த தோட்டத்தார் கட்டட்டும். அலுமினியத்துக்கு அயல்நாடு போகவேண்டியதில்லை; சரவாக்கின் முக்காவில் 2009 முதல் இந்நாட்டிலேயே அது உருக்கி வார்க்கப்படுகின்றது. பட்டறையில் பெண்களுக்கும் சம இடம் வேண்டும். கொழுந்தை ஒடிக்கும் விரலின் நிதானம் மூட்டைப் பற்றவைக்கவும் ஏற்றது. பெண்ணின் கைக்கு நெருப்பை அடுப்பில் மட்டுமே அனுமதிப்பது என்ன நியாயம்?

உலகம் நமக்காகக் காத்திருக்கவில்லை. இங்கிலாந்தின் ஜேம்ஸ் வாரம் 1954இல் தம் கையாலேயே சிறு இரட்டைப் படகொன்றைக் கட்டி அட்லாண்டிக்கைக் கடந்தார். பின்னர் வீட்டிலேயே படகு கட்டுவோருக்கு வரைபடம் விற்று வாழ்ந்தார். டாஸ்மானியத் தீவின் ஹோபார்ட் நகரில் கட்டிய அலுமினியக் கட்டமரான் ஒன்று, 1990இல் அதே மாகடலை 3 நாள் 7 மணி 54 நிமிடத்தில் கடந்து, பெருங்கப்பல்களின் வேகப் பரிசைப் பறித்தது. நம் அண்டை வீடாகிய கொச்சியிலே, 2023 ஏப்ரல் முதல் மின்சாரத்தால் ஓடும் அலுமினியக் கட்டமரான்கள் மக்களைத் தீவுக்குத் தீவு ஏற்றிச் செல்கின்றன. அவற்றைக் கட்டியது கொச்சிக் கப்பல் தளம். நாமோ 1025இல் இராசேந்திரன் கடாரம் வென்றதைப் பேசுகின்றோம். அவன் கலங்களைக் கட்டிய தச்சன் ஒருவன் பெயரையேனும் சொல்ல நம்மால் முடியுமா? அரசன் பெயரைக் கல்லில் வெட்டி, தச்சனை மறந்த நாளிலேயே நம் கலம் ஓட்டை விழத் தொடங்கிற்று.

ஆகவே அன்பர்களே! பேச்சாளர்களுக்கு ஒரு விண்ணப்பம் செய்கின்றோம். நம் தோட்டத்துப் பிள்ளைகள் கட்டிய படகு ஒன்று லூமுட் நீரில் மிதக்கும் வரையில், ‘கட்டமரான்’ என்ற சொல்லை மேடையிலிருந்து இறக்கி, அதைப் பெற்ற மீனவனிடமே திருப்பிக் கொடுத்து விடுங்கள். படகு மிதந்த பிறகு, அதைக் கட்டியவர்களை மேடையேற்றிப் பேசச் சொல்லுங்கள். அன்றைக்கு நாமும் கைதட்டுவோம்.