‘எங்கே படித்தாய்?’ என்று பள்ளி கேட்கட்டும்

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையைப் பற்றி ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் செயல்திட்டம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை, 1842இல் தொடங்கப்பட்டது’ என்ற வரி இணையத்தில் நொடியில் கிடைத்துவிடும். அது ஆலையை நடத்தும் இ.ஐ.டி. பாரி நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்வது. முதல் ஆலை பிகாரில்தான் வந்தது என்று எழுதும் புத்தகங்களும் இருக்கின்றன. மாணவி எதை எழுதினாலும், எங்கிருந்து எடுத்தார் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் படிப்பவர் எடைபோட்டுக்கொள்ளலாம். அந்த வரி இல்லாவிட்டால், ஒரு நிறுவனம் கொண்டாடும் பெருமை வரலாற்று உண்மையாகவே நோட்டில் ஏறிவிடும். செயல்திட்டங்களைத் திருத்தும்போது அட்டை அழகாக இருக்கிறதா, படம் ஒட்டியிருக்கிறதா, பக்கம் போதுமா என்று பார்க்கும் நாம், ‘இதை எங்கே படித்தாய்?’ என்று கேட்பது அரிது. அந்தக் கேள்வியை உயர்நிலை வகுப்பிலேயே கேட்டுப் பழக்க வேண்டும்.

ஆதாரம் சொல்லாமல் விட்டால் பின்னால் வருபவர்கள் என்ன பாடுபடுவார்கள் என்பதற்குத் தமிழிலேயே பெரிய சான்று உண்டு. உ.வே. சாமிநாதையர் 1887இல் வெளியிட்ட சீவக சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் மேற்கோள்கள் மலிந்து கிடக்கின்றன. பல இடங்களில் அவை எந்த நூலின் வரிகள் என்ற குறிப்பு மட்டும் இல்லை. உரை எழுதிய காலத்தில் கற்றவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வரிகளாக அவை இருந்திருக்கலாம். சில நூற்றாண்டுகளில் அந்த நூல்களே புழக்கத்திலிருந்து மறைந்துபோயின. திருவாவடுதுறை மடத்து ஏடுகளில் பத்துப்பாட்டையும் எட்டுத்தொகையையும் கண்ட பிறகுதான் அந்த வரிகளில் பலவற்றுக்கு ஊரும் பேரும் தெரிந்தன. அந்தச் சிரமத்தை அனுபவித்த சாமிநாதையர், தாம் பதிப்பித்த நூல்களில் எந்த ஏடு யாரிடமிருந்து கிடைத்தது என்று பதிவு செய்தார். ஆகவே ஆதாரம் காட்டுவது மேல்நாட்டுப் பல்கலைக்கழகச் சடங்கு, நமக்கு எதற்கு என்ற வாதம் நிற்காது. நமது இலக்கியம் மீண்டதே ஆதாரத்தைத் தேடிப் போனவர்களால்தான்.

பள்ளியில் கற்றுத்தராததற்கு மாணவர்கள் பிற்பாடு விலை கொடுக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டுக்கு எதிராக விதிமுறை கொண்டுவந்தது. ஆய்வேட்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் திருத்தித் தர வேண்டும். 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்தாகும். பார்த்து எழுதுவதே படிப்பு என்று பன்னிரண்டு ஆண்டுகள் பழக்கிவிட்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ வேறு எங்கோ ஆய்வுக்குச் சேர்ந்தபின் அதையே குற்றம் என்று சொல்வது எந்த வகையில் நியாயம்? முறையைச் சொல்லிக்கொடுத்த பிறகு தண்டிக்கும்போதுதான் விதிக்கு மதிப்பு இருக்கும்.

பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை, இதில் இன்னொரு சுமையா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமானதே. புதுப் பாடம் எதுவும் இதற்கு வேண்டாம். தமிழ்ப் பாடநூலில் ஒவ்வொரு செய்யுளோடும் வரும் ‘நூல்வெளி’ அது எந்த நூல், யார் இயற்றியது என்று சொல்கிறது. அதையே முன்மாதிரியாகக் காட்டி, நீயும் உன் கட்டுரைக்கு இப்படி எழுது என்றால் பாதி வேலை முடிந்தது. முதல் தலைமுறையாகப் படிக்க வருபவர்களுக்கு இது கடினம் என்பது இன்னொரு தயக்கம். அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. தாத்தாவிடம் கேட்டதையும் ‘இவர் சொன்னது, இன்ன தேதியில் கேட்டது’ என்று எழுதினால் அதுவும் ஆதாரமே என்று சொல்லிப்பாருங்கள். ஆலைக்குக் கரும்பு வெட்டப்போன குடும்பத்துப் பிள்ளை, தன் வீட்டு அறிவுக்கும் நோட்டில் இடமுண்டு என்று தெரிந்துகொள்ளும்.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் எழுதித் தரும் காலத்தில் இது எதற்கு என்பார்கள். அது இல்லாத புத்தகத்துக்கும் பெயர் சூட்டித் தரும். அப்படிக் கிடைத்த, நடக்காத வழக்குகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 2023இல் நியூயார்க் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. எழுதித் தர இயந்திரம் வந்துவிட்டதால், எழுதியதைச் சரிபார்க்கும் பழக்கம் முன்னைவிட அவசியமாகிவிட்டது.

அரசு செய்ய வேண்டியது சிறியது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு செயல்திட்டத்திலும் யார் எழுதியது, எந்த நூல், எந்தப் பக்கம் என்ற மூன்று விவரங்களைக் கட்டாயமாக்கட்டும். அதற்கென மதிப்பெண் ஒதுக்கட்டும். ஆசிரியர் பயிற்சியில் ஒரு நாள் இதற்குத் தரட்டும். மதிப்பெண் இருக்கும் இடத்துக்குத்தான் நம் பள்ளிகளின் கவனம் போகும். ஆதாரத்துக்கும் அங்கே ஓர் இடம் கொடுத்தால், கேட்டதையெல்லாம் நம்பிப் பரப்பாத ஒரு தலைமுறையை நாம் வளர்க்க முடியும்.