அந்தரங்கமும் அதிகாரமும்

1981 முதல் 1995 வரை பிரான்ஸின் ஜனாதிபதியாக வீற்றிருந்த பிரான்சுவா மித்தெரான், 1996 ஜனவரியில் தம் சொந்த ஊரான ஜர்னாக்கில் அடக்கம் செய்யப்பெற்றபோது, அவருடைய மனைவியும் புதல்வர்களும் நின்ற இடத்திலேயே, மணவாழ்வுக்கு வெளியே பிறந்த மகளும் அவள் தாயும் நின்றார்கள். அதைக் கண்டு ஜனங்கள் முகம் சுளிக்கவில்லை என்பதை அந்நாட்டின் முதிர்ந்த நாகரிகத்துக்கு அத்தாட்சியாகப் பலரும் எடுத்துரைக்கிறார்கள். பாரிஸ் பத்திரிகையாளர் பலர் அறிந்தும் எழுதாதிருந்த அச்செய்தியை, 1994 நவம்பரில் 'பாரி மாட்ச்' இதழ் படங்களோடு பகிரங்கப்படுத்தியபோது, கண்டனத்தில் பெரும்பகுதி அந்த இதழின்மீதே பாய்ந்தது.

ஒருவர் யாரை நேசித்தார் என்பதை வீதியில் வைத்து விசாரிப்பது பத்திரிகா தர்மம் அன்று என்பதில் நமக்கு அணுவளவும் ஐயமில்லை. 1963இல் இங்கிலாந்தின் யுத்த மந்திரி ப்ரொஃப்யூமோ, ஓர் இளம்பெண்ணோடு தமக்கிருந்த தொடர்பைப் பற்றிப் பாராளுமன்றத்தில் பொய்யுரைத்ததற்காகப் பதவி துறக்க நேர்ந்தது நியாயமே; ஆயின், அதையொட்டிப் பெருகிய வதந்திகளுக்கிடையே, அவ்விவகாரத்தில் சிக்கவைக்கப்பட்ட எலும்பு வைத்தியர் ஸ்டீஃபன் வார்டு, தம்மீதான வழக்கு முடியும் தறுவாயில் தூக்க மாத்திரைகளை விழுங்கி மாண்டதை எண்ணும்போது, பிறர் அந்தரங்கத்தில் ருசிகண்ட ஜனசமூகம் எத்துணைக் கொடியதாக மாறக்கூடும் என்று நெஞ்சம் நடுங்குகிறது.

ஆயினும், மித்தெரான் விஷயத்தில் நிலவிய மௌனம் முழுவதையும் கண்ணியம் என்று போற்ற நம் மனச்சாட்சி இடந்தரவில்லை. பயங்கரவாதத்தை ஒடுக்குவதற்கென்று ஜனாதிபதியின் எலிஸே மாளிகையில் அமைக்கப்பட்ட ரகசியக் குழு, 1983 முதல் 1986 வரை, பத்திரிகையாளரும் எழுத்தாளரும் டெலிபோனில் பேசியவற்றை ஒட்டுக்கேட்டது. அந்த மகளைப் பற்றி வெளிப்படுத்தப்போவதாக மிரட்டிய எழுத்தாளர் ஜான்-எதெர்ன் ஆலியே அதன் முக்கிய இலக்குகளில் ஒருவர். 2005இல் அக்குழுவின் தலைவர் உள்ளிட்டோரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்த பாரிஸ் நீதிஸ்தலம், இவற்றுக்கெல்லாம் தூண்டுகோலாய் இருந்தவர் ஜனாதிபதியே என்றும் உரைத்தது. தாயும் மகளும் குடியிருந்தது சர்க்கார் கட்டடத்தில். அவர்களைக் காத்து நின்றவர்கள் சர்க்கார் சம்பளம் பெற்ற காவலர்கள்.

அம்மட்டோடும் நிற்கவில்லை. பதவியேற்ற 1981ஆம் ஆண்டிலேயே அவருக்குப் புற்றுநோய் என்பது தெரிந்துவிட்டது. வைத்தியர் கையொப்பமிட்ட அறிக்கைகளோ, 1992இல் உண்மை வெளிவரும்வரை, அவர் தேகஸ்திதி நன்றாயிருப்பதாகவே ஜனங்களுக்கு அறிவித்துவந்தன. படுக்கையறையைப் பற்றிக் கேளாதிருக்கப் பழகிய தேசம், அப்பழக்கத்தினாலேயே நோய்ப்படுக்கையைப் பற்றியும் வற்புறுத்திக் கேளாதுபோயிற்று என்பது எம் அபிப்பிராயம்.

தலைவர் ஒருவரின் காதலையும் பிணக்கையும் அவருடைய குடும்பத்தாரின் தீர்ப்புக்கே விட்டுவிடுவோம். ஆனால், அந்த ரகசியத்தைக் காப்பதற்கு எவர் பணம் செலவாயிற்று, எந்த அதிகாரம் ஏவப்பட்டது, எவர் வாய் அடைக்கப்பட்டது என்னும் வினாக்களை ஒருபோதும் கைவிடலாகாது. அவற்றைக் கேட்கக் கூசும் பிரஜை, தலைவரின் மானத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு, தன் உரிமையை அவருக்குக் காணிக்கையாக்கிவிடுகிறான்.