விருந்தாளி வந்தால் அடுப்பு எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு வாசலில் உறவினர் ஆறு பேர் வந்து நிற்கிறார்கள். வீட்டுக்காரர் அவர்களைக் கூடத்தில் உட்கார வைத்து, மின்விசிறியைச் சுழல விடுகிறார். வீட்டம்மாள் என்ன செய்கிறார்? "வாங்க, வாங்க" என்று சொல்லிவிட்டுச் சமையற்கட்டுக்குள் போனவர்தான். வாழைக்காய் சீவ வேண்டும், மாவு கரைக்க வேண்டும், எண்ணெய் காய வேண்டும். ஈடு ஈடாகப் பஜ்ஜி கூடத்துக்கு வருகிறது. கடைசி ஈட்டோடு அவரும் வந்து உட்காரும்போது விருந்தாளிகள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வந்தவர்களில் ஒருத்தி அவருடைய சொந்தத் தங்கையாகவே இருக்கலாம். இரண்டு மணி நேரத்தில் இருவரும் பேசிக்கொண்டது பத்து வார்த்தைகூட இராது.

இதை உபசாரம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தில் கடைசிக் குறள் கவலைப்படுவது பண்டத்தைப் பற்றியன்று, விருந்தாளியைப் பார்க்கும் முகத்தைப் பற்றி. சித்திரை வெயிலில் எண்ணெய்ச் சட்டியின் முன் ஒரு மணி நேரம் நின்றவரின் முகம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுப்பை மூட்டாமலே ஒரு தட்டு நிறைத்துவிடலாம். பச்சைக் காய்கறியும், கொஞ்சம் பனீர் அல்லது சீஸும் போதும். (கல்யாணத்தில் தெளிக்கிற பன்னீர் அல்ல, பாலைத் திரித்து எடுக்கிற பனீர்.)

"பச்சைக் காயை நறுக்கி வைத்தால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். வேக வைக்காதது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் ஸ்ரீராம நவமியன்று என்ன நடக்கிறது? பானகம், நீர்மோர், ஊற வைத்த பாசிப்பருப்பில் வெள்ளரியும் தேங்காயும் சேர்த்த கோசுமல்லி. அதில் அடுப்புக்கு உள்ள வேலை ஒரு கரண்டித் தாளிப்புதான். தெய்வத்துக்குப் படைக்கலாம், சித்தப்பாவுக்குக் கொடுக்கக் கூடாதா?

இத்தாலிக்காரர்களுக்கு இந்தத் தயக்கமே கிடையாது. நேப்பிள்ஸ் வளைகுடாவில் உள்ள காப்ரி தீவின் பெயரில் 'காப்ரேசே' என்றொரு தட்டு உண்டு. தக்காளி வில்லை, மொஸரெல்லா என்ற மிருதுவான சீஸ், பேசில் இலை, மேலே ஆலிவ் எண்ணெயும் உப்பும். அவ்வளவுதான். சிவப்பு, வெள்ளை, பச்சை என்று அவர்களுடைய தேசியக் கொடியின் நிறம் மூன்றும் தட்டில் இருப்பதில் அவர்களுக்குப் பெருமை. அந்தப் பகுதியில் எருமைப் பாலில் செய்கிற மொஸரெல்லாவின் பெயருக்கு 1996-ல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டப் பாதுகாப்பே கொடுத்தது. எருமைப் பால் நமக்குப் புதிதா? பேசிலும் அந்நியமில்லை, சப்ஜா விதை தருகிற நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான். மணம் மட்டும் கொஞ்சம் மாறும்.

நம் வீட்டுக்கு வெள்ளரிக்காயே தோது. 8 அங்குலக் காயைக் கால் அங்குலக் கனத்தில் நறுக்கினால் 30 வில்லைகள் வரை தேறும். ஆறு பேருக்கு ஆளுக்கு ஐந்து. நறுக்குமுன் இரு நுனியிலும் கொஞ்சம் வெட்டித் தின்று பார்க்க வேண்டும். ஒரு கசப்புக் காய் தட்டு முழுவதையும் கெடுத்துவிடும். 200 கிராம் பனீரை உதிர்த்து, உப்பு, மிளகுத்தூள், பொடியாக அரிந்த பச்சை மிளகாய், கொத்தமல்லி சேர்த்துப் பிசைந்து, வில்லைக்கு ஒரு சிறு உருண்டையாக வைக்கலாம். விதை நீக்கிய தக்காளித் துண்டு ஒன்றோ, புதினா இலை ஒன்றோ அதன்மேல். சீஸைத் துருவிப் போடுவதானால் உப்பே வேண்டாம், அதிலேயே போதுமானது இருக்கிறது. சுத்த சைவர்கள் வருவதானால் சீஸ் உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கிற சீஸ்களும் உலகில் உண்டு. பனீரில் அந்த வம்பு இல்லை. எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பே போதும்.

உப்புதான் இதில் பெரிய சூழ்ச்சிக்காரன். முன்கூட்டியே தூவினால் வெள்ளரி நீர் விட்டு, தட்டில் குளம் கட்டிவிடும். ஆகவே பனீரை மட்டும் முதலில் பிசைந்து குளிர்பெட்டியில் மூடி வைத்து, வாசலில் ஆள் அரவம் கேட்ட பிறகு காயை நறுக்குவதே சரி. பத்து நிமிஷ வேலை.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். நெருப்பில் வேகும் பண்டத்தில் கிருமி அனேகமாகச் செத்துவிடும். பச்சைக் காய்க்கு அந்தக் காவல் இல்லை. தோல் சீவப் போகிற காயாக இருந்தாலும் முதலில் ஓடும் நீரில் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் தோலின் அழுக்கைக் கத்தியே உள்ளே கொண்டு போகும். மீனும் இறைச்சியும் வெட்டுகிற பலகை இதற்கு உதவாது. பால் பண்டங்களை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொதுவான சுகாதார விதி. வெப்பம் 32 டிகிரி செல்ஷியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊர்க் கோடையில் அந்த ஒரு மணி நேரக் கணக்கையே வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. பஜ்ஜிக்கு எண்ணெயின் பதம் தெரிய வேண்டும். வெள்ளரி நறுக்க அது தேவையில்லை. வீட்டுக்காரரே செய்யலாம். கல்லூரிக்குப் போகும் பையன் செய்யலாம். "எனக்குச் சமைக்கத் தெரியாது" என்று ஆண்பிள்ளைகள் தப்பித்துக்கொள்கிற வழி இங்கே அடைபட்டுப் போகிறது. கூடத்தில் தங்கையோடு உட்கார்ந்திருக்கும் வீட்டம்மாளிடம் அவரும் ஒரு வில்லையை நீட்டட்டுமே.

பஜ்ஜியை ஒழித்துவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் அதற்கு ஈடு ஏது? வீட்டார் எல்லாரும் சமையற்கட்டைச் சுற்றி நின்று, சுடச்சுடத் தின்கிற பண்டம் அது. காப்பிக்கும் அடுப்பு வேண்டும்தான். டிகாக்ஷன் முன்பே இறங்கியிருந்தால், பால் காய ஐந்து நிமிஷம்.